தாளின் பின்பக்கம்

மாதக் கடைசி நாள் வந்துவிட்டால் அந்தத் தெருவில் எல்லோருக்கும் ஏதாவது ஒரு வியாதி வந்துவிடும். மதியம்வரை நன்றாக நடமாடிக்கொண்டிருந்தவர்கள் மூன்று மணிக்குமேல் ஒவ்வொருவராக மருந்துக்கடை வாசலில் வந்து நிற்பார்கள். அன்றைக்கு முதலில் வந்தவர் சலூன்காரர்.

"அக்கா, தலைவலி மாத்திரை ரெண்டு அட்டை. இருமல் மருந்து பெரிய பாட்டில் ஒண்ணு. அப்புறம் பஞ்சு. பஞ்சு ஒரு நாலு பொட்டலம் போடுங்க."

"நாலு பொட்டலமா? யாருக்கு என்ன ஆச்சு?"

"யாருக்கும் ஒண்ணும் ஆகலக்கா. கடையில இருந்தா உதவும்ல."

"கத்தி அவ்வளவு கை தவறுதா?"

"உங்களுக்கு எப்பவும் கிண்டல்தான்" என்று சிரித்தபடி சலூன்காரர் சட்டைப்பையிலிருந்து மூன்று பச்சைத் தாள்களை எடுத்துக் கண்ணாடி மேசைமேல் வைத்தார். வைத்ததும் அவர் தோள் கொஞ்சம் தளர்ந்தது. மூட்டையை இறக்கி வைத்தவர்போல ஒரு மூச்சு விட்டுவிட்டுப் பஞ்சோடு போனார்.

மருந்தக்கா சிரிக்கவில்லை. கத்தி கை தவறுவதைப் பற்றிப் போன மாதக் கடைசியிலும் சொல்லியிருந்தாள். அதற்கு முந்தின மாதமும் சொல்லியிருந்தாள். இரண்டு முறையும் அவர் பஞ்சுதான் வாங்கினார்.

பத்தொன்பது வருஷமாக அந்தக் கடையில் நின்று நின்று, சொந்தக்காரர்களைத் தவிரத் தெருவில் எல்லோருக்கும் அவள் மருந்தக்காவாகிவிட்டாள். சலூன்காரர் கொடுத்த தாள்களை இழுப்பறையில் போடப் போனாள். இழுப்பறை திறக்க மறுத்தது. உள்ளே அடைந்து கிடந்த தாள்கள் மேல்பலகையில் முட்டிக்கொண்டிருந்தன. விரலை உள்ளே விட்டு அமுக்கி, இழுத்து, திணித்து மூடினாள். பிறகு நிமிர்ந்து எதிரே இருந்த மருந்து அலமாரியைப் பார்த்தாள். மேல் தட்டில் பாதி காலி. நடுத் தட்டில் டப்பாக்களை இடைவெளி விட்டு விட்டு நிறுத்தி நிறைந்ததுபோல் காட்டியிருந்தாள். இழுப்பறை நிரம்ப நிரம்ப அலமாரி காலியாகிக்கொண்டிருந்தது.

அது எப்படி நடக்கும் என்று கேட்டால், பச்சைத் தாள் எப்படி வேலை செய்கிறது என்று முதலில் சொல்ல வேண்டும். அது ஒன்றும் கஷ்டமான விஷயமில்லை.

அந்தத் தெருவில் முப்பத்தேழு கடைகள் இருந்தன. நெடுஞ்சாலை ஓரத்தில், ஐந்நூறு கார் நிற்கிற இடத்தோடு ஒரு பேரங்காடி வந்தது. அக்கம்பக்கத்து ஆட்கள் அங்கே போய்க் கை நிறையப் பைகளோடு திரும்பி, தெருக்கடைக்காரர்களைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். ஒரே வருஷத்தில் ஐந்து கடைகள் இழுத்து மூடப்பட்டன. அப்போதுதான் தெருமுனையில் அச்சகம் வைத்திருந்த மருந்தக்காவின் கொழுந்தன் ஒரு வழி சொன்னார். எதை எடுத்தாலும் "அதுக்கு ஒரு திட்டம் வெச்சிருக்கேன்" என்று தொடங்குகிற மனிதர் என்பதால் தெருவில் அவருக்குத் 'திட்டம்' என்றே பட்டப்பெயர். முகத்துக்கு நேரே மட்டும் 'அண்ணே'.

திட்டத்தின் திட்டம் இதுதான். இரண்டாயிரம் ரொக்கம் கொண்டுபோய் அச்சகத்தில் கொடுத்தால், நூற்றுக்கு ஐந்து கூட்டி, நூறு ரூபாய்த் தெருத்தாள் இருபத்தொன்று தருவார்கள். ரொக்கம் கடைக்காரர் சங்கத்தின் வங்கிக் கணக்கில் இருக்கும். தாள், வாசலில் நீல அட்டை தொங்கும் மீதி முப்பத்திரண்டு கடைகளில் மட்டும் செல்லும். அந்த ஐந்துக்கு ஆசைப்பட்டாவது ஆட்கள் தெருவுக்குத் திரும்புவார்கள். கடைக்காரரும் தன்னிடம் வந்த தாளை இன்னொரு தெருக்கடையில்தான் கொடுக்க முடியும். தையல்காரரிடம் வந்த தாள் செருப்புக்கடைக்குப் போகும். அங்கிருந்து சலூனுக்கு, சலூனிலிருந்து பழக்கடைக்கு. பேரங்காடியில் கொடுத்த பணம் அன்றைக்கு மாலையே ஊரைவிட்டுப் போய்விடுகிறது. இந்தத் தாளுக்குப் போக வேறு இடமில்லாததால் இங்கேயே சுற்றிச் சுற்றி வரும். ஒரே தாள் ஆறு பேருக்கு வியாபாரம் கொடுக்கும்.

ஆனால் அவர் பெருமைப்பட்டது தாளின் பின்பக்கத்தைப் பற்றித்தான். ஆட்கள் தாளை வாங்கி அலமாரியில் பூட்டி வைத்துவிட்டால் சுற்று நின்றுபோகும் அல்லவா? அதனால் பின்பக்கத்தில் பன்னிரண்டு கட்டங்கள் அச்சடித்தார், மாதத்துக்கு ஒன்றாக. மாதக் கடைசி நாள் கடை அடைக்கும்போது தாள் யார் கையில் இருக்கிறதோ அவர், நூறுக்கு ஒரு ரூபாய் வீதம் தபால்தலைபோல் ஒரு வில்லை வாங்கி, அந்த மாதத்துக் கட்டத்தில் ஒட்டி, மேலே தன் கடை முத்திரையைக் குத்த வேண்டும். வில்லை இல்லாத தாள் மறுநாள் செல்லாது. வைத்திருந்தால் தேயும், செலவழித்தால் தேயாது. வில்லை விற்ற காசில்தான் அந்த ஐந்து ஆதாயமும் கிடைக்கிறது. கடிகாரத்தின் பின்மூடியைத் திறந்து பார்த்ததுபோல எல்லாச் சக்கரமும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நின்றன.

ஓடவும் செய்தன. எட்டு மாதமாகத் தெருவில் கூட்டம் இருந்தது. கடையைக் காலி செய்ய முன்பணத்தைத் திருப்பிக் கேட்டிருந்த தையல்காரர், கேட்டதை மறந்துவிட்டு இரண்டாவது தையல் மெஷின் வாங்கினார்.

ஒரே ஒரு சக்கரத்தை மட்டும் யாரும் பார்க்கவில்லை. பழக்கடைக்காரி தாளைக் கொடுத்துத் தைத்துக்கொள்ளலாம், தையல்காரர் முடிவெட்டிக்கொள்ளலாம். மருந்தக்காவின் சரக்கு தெருவில் விளைவதில்லை. அது வாரம் ஒரு முறை வெளியூர் மொத்த வியாபாரியின் வேனில் வரும். வேன்காரருக்கு ரொக்கம் வேண்டும். அவரிடம் பச்சைத் தாளை ஒரு முறை நீட்டினாள். அவர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "அழகா இருக்கு. என் பொண்ணுக்குப் புத்தகத்துல வெச்சுக்கக் குடுக்கட்டுமா?" என்றார்.

சங்கத்தில் கொடுத்து ரொக்கமாக்கலாம், மூன்று மாதத்துக்கு ஒரு முறை, நூற்றுக்குப் பத்து கழித்துக்கொண்டு. மருந்தில் அவளுக்கு லாபமாக நிற்பதே பன்னிரண்டு. அதனால் வந்த தாள்களைச் செலவழிக்கப் பார்த்தாள். வீட்டில் நான்கு குடைகள் சேர்ந்தன. சுவர்க் கடிகாரம் மூன்று ஆயிற்று. குடிநீர் நிலையத்தில் வேலை பார்க்கும் அவள் கணவர் புதுச் செருப்பு நான்காவது ஜோடியைப் பார்த்துவிட்டு, "எனக்குத் தெரியாம உனக்கு இன்னும் ஆறு கால் இருக்கா?" என்று கேட்டார். பிறகு அவள் முகத்தைப் பார்த்துக் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "எல்லாக் குழாய்லயும் ஒரு தாழ்ந்த இடம் இருக்கும். சகதி அங்கதான் வந்து படியும். அந்த இடத்துல ஒரு வால்வு வெச்சுத் திறந்து விடணும். உன் கடைக்கு வால்வே வெக்கலையே உன் கொழுந்தன்."

போதாததற்கு, தெருவில் மற்றக் கடைகள் ஆறு மணிக்கு அடைத்துவிடும். மருந்துக்கடை எட்டுவரை திறந்திருக்கும். மாதக் கடைசி நாளில் வில்லை ஒட்டும் செலவைத் தள்ளிவிட எல்லோருக்கும் தோதான கடைசி வாசல் அவளுடையதுதான். தாளுக்கு மீதிச் சில்லறை தரக் கூடாது என்பது விதி. அதனால்தான் நூறு நிரம்பும்வரை பஞ்சு, பஞ்சு, பஞ்சு.

நாலரை மணிக்கு மருந்தக்கா மறுநாள் வேனுக்கான பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டாள். கையில் இருந்த ரொக்கத்தில் பட்டியலின் பாதிகூட வராது. பேனாவால் ஒவ்வொரு வரியாக அடித்துக்கொண்டே வந்தாள். தோல் களிம்பு. கண் சொட்டு மருந்து. சத்து மாவு. அடிக்கும்போது கை வலிக்காத வரிகள் தீர்ந்துவிட்டன. விலை அதிகம் என்பதால் அடுத்தது இன்ஹேலர். அதை வாங்கிக்கொண்டிருந்தது தெருவில் ஒரே ஒருவர். அவள் கண்ணை வேறெங்கோ வைத்துக்கொண்டு அந்த வரியையும் அடித்தாள்.

பேனாவை மூடுவதற்குள் அந்த ஒருவர் வந்து நின்றார். தையல்காரர் கழுத்தில் அளவு நாடா, கையில் காலி இன்ஹேலர். நாலு கடை தூரம் நடந்ததற்கே நெஞ்சு ஏறி இறங்கியது.

"காலின்னு சொல்ல முடியாதுக்கா. இன்னும் பத்துப் பன்னெண்டு அழுத்தல் இருக்கும். குலுக்கினா சத்தம் வருது."

"வீசிங் ஜாஸ்தியா இருக்கா?"

"புதுத்துணி வெட்டுற சீசன். பஞ்சுத் தூசி. வேலை வருதே, வேண்டாம்னு சொல்ல முடியுமா?" அவர் சிரிக்கப் பார்த்தார். "நாளைக்கு வேன் வருமில்ல?"

"வரும்."

"அப்ப இத முன்கூட்டியே வெச்சுக்கோங்க" என்று மூன்று பச்சைத் தாள்களை மேசைமேல் வைத்து நேராக அடுக்கினார். "எல்லாம் இந்தத் தாள் புண்ணியம். இல்லேன்னா நான் இந்நேரம் எங்கேயோ யார்கிட்டயோ கூலிக்குத் தைச்சிட்டிருப்பேன்."

மருந்தக்கா அந்தத் தாள்களைப் பார்த்துக்கொண்டே நின்றாள். இவற்றைக் கொடுத்து வேறு எது வேண்டுமானாலும் வாங்கலாம். அவருக்கு வேண்டிய அந்த ஒன்றை மட்டும் வாங்க முடியாது. நாளை வேனை விட்டால் அடுத்த வேன் ஏழு நாள் கழித்து. பத்து அழுத்தல் ஏழு நாளுக்கு வராது. இதை அவரிடம் சொல்ல வாயைத் திறந்தாள். பிறகு, "அவசரமா நடக்காதீங்க, மெதுவாப் போங்க" என்று மட்டும் சொன்னாள்.

அவர் போன பின்னால் வந்தவள் ஓரகத்தி, கொழுந்தனின் மனைவி.

"அக்கா, பல்பொடி ஆறு டப்பா."

"ஆறா? உங்க வீட்ல இருக்கிறதே ரெண்டு பேர்."

"ரெண்டு பேருக்கும் நல்ல பல்லுக்கா" என்று ஓரகத்தி சிரித்தாள். "சோப்பு வேணும்னா ரெண்டு சேர்த்துக்கோங்க. நூறு நிரம்பணுமே."

அவள் கொடுத்துவிட்டுப் போன தாளின் ஓரத்தில் கருப்பாக ஒரு கட்டைவிரல் ரேகை. அச்சு மை. அந்த வீட்டில் மை படிந்த கட்டைவிரல் யாருடையது என்று மருந்தக்காவுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து தண்ணீர் டம்ளரிலும் கதவுப் பிடியிலும் அந்த ரேகையைத் துடைத்திருக்கிறாள்.

தாளைத் திருப்பினாள். ஏழு கட்டங்கள் நிரம்பியிருந்தன. ஏழிலும் ஒரே நீல முத்திரை. அவள் கடை முத்திரை.

இழுப்பறையை இழுத்து ஒரு கைப்பிடி தாளை எடுத்து ஒவ்வொன்றாகத் திருப்பினாள். சிலதில் ஆறு, சிலதில் ஐந்து, பெரும்பாலானவற்றில் ஏழும் அவளுடையது. மற்றக் கடை முத்திரைகள் வழி தவறி வந்ததுபோல் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடந்தன. எட்டு மாதமாக இத்தனை தாள்களைக் கையில் வாங்கியிருக்கிறாள். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை. ஒட்டி ஒட்டிக் கழுத்து வலித்ததுதான் நினைவில் இருந்தது.

போனை எடுத்தாள். "தம்பி, ஒரு அஞ்சு நிமிஷம் கடைக்கு வந்துட்டுப் போங்க."

காதில் பென்சிலோடு கொழுந்தன் வந்தார். வாசற்படி ஏறும்போதே தொடங்கிவிட்டார். "நீங்களே கூப்பிட்டீங்க, நல்லதாப் போச்சு அண்ணி. ஒரு கணக்குப் பார்த்தேன். நம்ம தாள் மாசத்துக்குச் சராசரி ஆறு கை மாறுது! கடைசி வாரத்துல ஒன்பது! வில்லை எப்படி வேலை செய்யுது பாருங்க, நெருங்க நெருங்க ஆளுங்க விரட்டி விரட்டிச் செலவு பண்றாங்க…"

"எங்க செலவு பண்றாங்க?"

"எங்கன்னா? தெருவுலதான்."

அவள் தாள்களை மேசைமேல் வரிசையாகப் பரப்பினாள். எல்லாம் பின்பக்கம் மேலே தெரியும்படி. "படிங்க."

அவர் பென்சிலை எடுத்துக்கொண்டு குனிந்தார். முதல் தாளைப் பார்க்கும்போது தலை ஆடியது. மூன்றாவது தாளில் நின்றது. ஆறாவதுக்கு வரும்போது பென்சிலை மேசைமேல் வைத்துவிட்டார். அச்சடித்த நாளுக்குப் பிறகு அவர் தன் தாளின் பின்பக்கத்தைப் பார்த்ததே இல்லை. அவர் கைக்குத் தாள் வருவதெல்லாம் மாத முதல் வாரத்தில்; அப்போது எல்லோரும் முன்பக்கத்தைத்தான் பார்ப்பார்கள்.

"எல்லாத்துலயும் உங்க சீல்" என்றார் மெதுவாக.

"ம்."

"நம்ம அச்சகத்துச் சீல் எங்க?"

"நானும் தேடினேன் தம்பி. கிடைக்கல. இது மட்டும் கிடைச்சுது" என்று மை ரேகை படிந்த தாளை நகர்த்தினாள். "இப்பத்தான் ஆறு டப்பா பல்பொடியா மாறி உங்க வீட்டுக்குப் போச்சு."

அவர் தன் கட்டைவிரலைப் பார்த்தார். சட்டையில் துடைத்தார். மை போகவில்லை.

மருந்தக்கா சண்டை போடவில்லை. சண்டைக்குத் தெம்பு வேண்டும். பட்டியலை எடுத்து, அடித்த வரிகளைக் காட்டினாள். இன்ஹேலர் வரியில் விரலை வைத்தாள். யாருடையது என்று சொன்னாள். "நாளைக்குக் காலைல வேன் வரும். என்கிட்ட ரொக்கம் இல்ல. இன்னைக்கே நீல அட்டையக் கழட்டிடறேன்."

"அண்ணி!" அவர் முகம் வெளுத்தது. "நீங்க கழட்டினா மொத்தமும் போச்சு. ஆளுங்க எதுக்குத் தாள வாங்கறாங்க? எங்க செலவாகலேன்னாலும் மருந்துக்காவது ஆகும்னு ஒரு தைரியம். அந்தத் தைரியம்தான் இதுக்கு அஸ்திவாரம். தையல்காரர் திரும்பவும் கடையக் காலி பண்ணக் கிளம்பணும். யோசிங்க."

"யோசிச்சுத்தான் எட்டு மாசம் ஓடிச்சு."

அது உண்மை. அவருக்கும் அது தெரிந்தது. ஒரு ஒல்லியான பெண் உள்ளே எட்டிப் பார்த்து, ஆள் இருப்பதைக் கண்டு அப்புறம் வருவதாகச் சொல்லிவிட்டுப் போனாள். அவள் கையிலும் பச்சைத் தாள்.

"கழட்டல" என்றாள் மருந்தக்கா கடைசியில். "திருப்பி மாட்டறேன்." நீல அட்டையை ஆணியிலிருந்து எடுத்து, பின்பக்கத்து வெள்ளையில் கொட்டை எழுத்தில் எழுதினாள்: மருந்துக்கு மூன்றில் ஒரு பங்கு மட்டும் தாள். மீதி ரொக்கம்.

"விதிப்படி அட்டை போட்ட கடை முழு விலைக்கும் தாள் வாங்கணுமே. இத மாத்தணும்னா கமிட்டி கூடணும்."

"கூடுங்க. கமிட்டிக்கு மூச்சு முட்டாது. அவருக்கு முட்டுது."

"ஆளுங்க சத்தம் போடுவாங்க அண்ணி."

"போடட்டும். ஆனா என்கிட்ட இல்ல. உங்ககிட்ட." மேசைக்குப் பின்னால் கிடந்த முக்காலியை அவர் பக்கம் தள்ளினாள். "மாத்திரை நான் எடுத்துக் குடுக்கறேன். எட்டு மணிவரைக்கும் தாள் வாங்கறது நீங்க."

அவர் மறுக்கவில்லை. உட்கார்ந்தார்.

ஐந்தரைக்குக் கண்ணாடிக்கடைக்காரர் வந்து மூன்று தாளை நீட்டினார். "அண்ணே, என்ன இங்க? அச்சகத்த மருந்துக்கடையா மாத்திட்டீங்களா? சரி, காய்ச்சல் மாத்திரை முந்நூறுக்குக் குடுங்க."

"முந்நூறுக்கா? ஊருக்கே காய்ச்சலா?"

"இன்னைக்குத் தேதி தெரியாதா உங்களுக்கு? நீங்க போட்ட தேதிதானே!"

கொழுந்தன் அட்டையைக் காட்டினார். கண்ணாடிக்கடைக்காரர் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மாட்டி, மறுபடி படித்தார். "இது எப்பலேருந்து?" "இப்பலேருந்து." அவர் முணுமுணுத்துக்கொண்டே ஒரு தாளும் இருநூறு ரொக்கமும் வைத்தார். பிறகு யோசித்து, "முந்நூறுக்கு வேண்டாம், கண்ணுல விடற மருந்து மட்டும் போதும்" என்றார். கண் சொட்டு மருந்து இல்லை என்று மருந்தக்கா சொன்னபோது, "மருந்துக்கடைல பஞ்சு மட்டும்தான் இருக்கு போல" என்றார். அவர் கோபமாகச் சொன்னது சரியாகத்தான் இருந்தது.

பழக்கடைக்காரி அப்படி விடவில்லை. இடுப்பில் கை வைத்துக்கொண்டு அட்டையைச் சத்தமாக இரண்டு முறை படித்தாள். "நல்லா இருக்குதே கதை! என்கிட்ட மட்டும் எல்லாரும் முழுசாத் தாள் குடுத்துப் பழம் வாங்குவாங்க, நான் உங்ககிட்ட வந்தா பங்கு போடுவீங்களா? நீங்கதானே அண்ணே, தாளும் பணமும் ஒண்ணுதான்னு ஒலிபெருக்கி வெச்சுச் சொன்னீங்க?"

கொழுந்தன் வாயைத் திறந்து விளக்கத் தொடங்கினார். தாழ்ந்த இடம், வெளியூர் வேன், சுற்று எங்கே அறுகிறது என்று மேசைமேல் விரலால் வட்டம் போட்டுக் காட்டினார். நன்றாகத்தான் விளக்கினார். அவள் முழுவதும் கேட்டுவிட்டு, "இப்ப என்ன சொல்றீங்க, ஒண்ணு இல்லேன்னு சொல்றீங்களா?" என்றாள்.

அவர் வட்டம் போட்ட விரலை மடக்கிக்கொண்டார். "மருந்துக்கு மட்டும் இல்லம்மா" என்றார்.

"இத மொதல்லயே சொல்லியிருந்தா நான் என்ன கடிச்சா தின்னுருப்பேன்?" என்று அவள் பையிலிருந்து ரொக்கத்தை எடுத்தாள். அவளுக்கு உண்மையாகவே சர்க்கரை மாத்திரை தேவைப்பட்டது.

ஏழு மணிக்குள் இருபது பேருக்குமேல் வந்து போனார்கள். பாதிப் பேர் அட்டையைப் பார்த்துத் தாளைத் திரும்பப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார்கள். அந்தத் தாள்களில் இந்த மாதம் வேறு முத்திரை விழும். மீதிப் பேர் திட்டிக்கொண்டே வாங்கினார்கள். பஞ்சு யாரும் வாங்கவில்லை. கொழுந்தனின் குரல் கம்மிவிட்டது. தண்ணீர் கேட்டார். குடித்துவிட்டு முக்காலியில் முதுகு வளைந்து உட்கார்ந்தார்.

"தினமும் இப்படியா அண்ணி?"

"மாசத்துக்கு ஒரு நாள்தான். மத்த நாள் சாதாரணக் களைப்பு."

அப்போதுதான் ஓரகத்தி இரண்டாவது முறை வந்தாள். கையில் இன்னும் ஒரு தாளோடு, தெருவிலிருந்தே பேசிக்கொண்டு படியேறினாள். "அக்கா, மாவாட்டற மெஷின் பக்கத்துல இன்னொண்ணு கிடந்துச்சு, அதுக்கும் ஏதாவது…" மேசைக்குப் பின்னால் தன் புருஷனைப் பார்த்ததும் வார்த்தை நின்றது. "நீங்க எங்க இங்க?"

"நீ எங்க இங்க?"

"நல்லாக் கேட்டீங்க! காலைல தாளச் சாப்பாட்டு மேசைமேல வெச்சுட்டு, 'இன்னைக்கு முப்பது, அண்ணி கடை எட்டுவரைக்கும் இருக்கும்'னு சொல்லிட்டுப் போனது யாரு? மாசாமாசம் சொல்றீங்களே!"

கொழுந்தன் மருந்தக்காவின் பக்கம் திரும்பவில்லை. மருந்தக்காவும் அவரைப் பார்க்காமல் அலமாரியில் டப்பாக்களை நகர்த்திக்கொண்டிருந்தாள். அவர் பொய் சொல்கிறவரில்லை. சொன்னதை மறந்திருப்பார். இல்லை, சொன்னது இதுதான் என்று இப்போதுதான் அவருக்கே கேட்டிருக்கும்.

"அச்சகத்துல என் மேசையோட மூணாவது இழுப்பறைல நம்ம சீல் இருக்கும்" என்றார் மனைவியிடம். "பக்கத்துலயே வில்லைக் கட்டு இருக்கும். ரெண்டையும் எடுத்துட்டு வா."

"பல்பொடி?"

"வெச்சிருக்கிறத மொதல்ல தேய்ப்போம்."

அவள் கொண்டுவந்து கொடுத்ததும், கடைக் கதவைப் பாதி இறக்கிவிட்டு அவர் வேலையைத் தொடங்கினார். இழுப்பறையை அப்படியே பிடுங்கி மேசைமேல் கவிழ்த்தார். வில்லைகளுக்கான காசைத் தன் பையிலிருந்து எடுத்துத் தனியே ஒரு உறையில் போட்டார். "இந்த மாசம் நான் ஒட்டறேன் அண்ணி." ஈரப் பஞ்சில் வில்லையைத் தொட்டு, எட்டாவது கட்டத்தில் வைத்து அமுக்கி, அச்சகத்து முத்திரையைக் குத்தினார். ஒரு மயிரிழை கோணினாலும் அச்சடித்த காகிதத்தையெல்லாம் கிழித்துப் போடுகிற மனிதர்; பத்தாவது தாளிலேயே முத்திரை கோண ஆரம்பித்தது. முப்பதாவதுக்கு வரும்போது கட்டத்தைத் தாண்டி விழுந்தது. அவர் திருத்தவில்லை. குத்தித் தள்ளிக்கொண்டே இருந்தார்.

நாற்பதாவது தாளில் கை நின்றது. பென்சில் காதிலிருந்து இறங்கியது. "அண்ணி, எனக்கு ஒண்ணு தோணுது. எல்லாத் தாளுக்கும் ஒரே கடைசி நாள் வெச்சதுதான் தப்பு. தாள் எண்ணோட கடைசி இலக்கத்தப் பார்த்து தாளுக்கொரு தேதி வெச்சா? ஒண்ணுல முடியறது மூணாம் தேதி, ரெண்டுல முடியறது ஆறாம் தேதி… இப்படி மாசம் முழுக்கப் பரவிடும். ஒரே நாள்ல யாரும் ஓடி வரமாட்டாங்க."

மருந்தக்கா கொஞ்சம் யோசித்தாள். நல்ல யோசனைதான் என்று அவளுக்கும் பட்டது.

"அப்ப எனக்கு மாசம் முழுக்கக் கடைசி நாளா?"

அவர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார். "நாளைக்கு யோசிக்கறேன்" என்றார். மறுபடியும் முத்திரையை எடுத்தார்.

மருந்தக்கா மாலையில் வந்த ரொக்கத்தைப் பெட்டியிலிருந்து எடுத்து மேசையின் மறுமூலையில் வைத்து எண்ணினாள். அதிகமில்லை. தோல் களிம்புக்கு வராது. சத்து மாவுக்கும் வராது. கண்ணாடிக்கடைக்காரரின் சொட்டு மருந்து அடுத்த வாரம்தான். பட்டியலை இழுத்து வைத்துக்கொண்டாள். இன்ஹேலர் என்ற வரியைப் பேனாவால் அழுத்தி அடித்திருந்ததால் அதன்மேல் எழுத முடியாது. பட்டியலின் கடைசியில், விளிம்புக்கும் கீழ்க்கோட்டுக்கும் நடுவே இருந்த கொஞ்ச இடத்தில், புதிதாக எழுதினாள்: இன்ஹேலர், ஒன்று. பிறகு ரொக்கத்தை மறுபடி எண்ணிப் பார்த்தாள். 'ஒன்று' என்பதை அடித்து 'இரண்டு' என்று எழுதினாள்.

பின்னால் முத்திரை விழும் சத்தம் சீராகக் கேட்டுக்கொண்டிருந்தது. அவள் முக்காலியைத் தேடினாள்; அதில் கொழுந்தன் உட்கார்ந்திருந்தார். பஞ்சுப் பெட்டி ஒன்றை இழுத்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து, செருப்பிலிருந்து காலை எடுத்துக் குளிர்ந்த தரையில் வைத்தாள். நான்காவது ஜோடி. இன்னும் கடிக்கிறது.